கிற்றாருக்குள் கேட்ட அழுகை

மகள் பிறந்து நாற்பதாம் நாள், முப்பத்தொரு நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தபின் கணவர் ஏறிய முதல் மேடையிலேயே அவருடைய மின்கிற்றார் கீச்சிட்டது. கோயில் திருவிழாவில் சனம் காதைப் பொத்தியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பதாக இசைக்குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அடுத்தது மானிப்பாயில் ஒரு கலியாணம். இடையில் ஐந்து நாட்கள்.

மாமிக்குக் காரணம் அன்றே தெரிந்துவிட்டது. "துடக்கு அறைக்குள்ளை முப்பத்தொரு நாள் தொங்கின சாமானைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் கத்தாமல் என்ன செய்யும்? பிள்ளை பிறந்த நேரமும் அப்பிடி."

"தாயும் மகளுமாய் என்ரை பிழைப்பிலை கை வைச்சிட்டியள்," என்றார் கணவர், சோற்றைப் பிசைந்தபடி.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள். கிற்றாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்குள் துடக்குப் போகாது என்று தெரியும். ஆனாலும் மாமி சொல்வதில் ஏதும் இருக்குமோ என்று மகளின் சாதகத்தை எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவர் வாசித்துக்கொண்டிருக்க, என் தோளில் கிடந்த மகள் அழுதாள். அந்த அழுகை கிற்றாரின் ஒலிபெருக்கிப் பொக்ஸிலிருந்தும் வந்தது, தகரப் பேணிக்குள்ளிருந்து அழுவதுபோல. அவர் கை நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். அவராக அவளைப் பார்ப்பது அபூர்வம்.

"அங்காலை கொண்டு போம்."

அவர் வெளியே போனதும் கிற்றாரில் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பைப் பென்சிலால் தட்டினேன். யாரோ கதவை இடிப்பதுபோல் பொக்ஸ் அதிர்ந்தது. தந்திகளின் அதிர்வை மட்டும் வாங்கவேண்டியது, எல்லாச் சத்தத்தையும் வாங்கியது. கழற்றினேன். உள்ளே மயிரிழைபோன்ற செப்புக் கம்பிச் சுருள். அதை அசையாமல் பிடித்திருந்த மெழுகு உருகி வழிந்து அடியில் கட்டியாகக் கிடந்தது. கிற்றார் தாழத் தொங்கிய இடத்துக்கு நேர் கீழேதான், மகளைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்ட, மாமி நாள்தோறும் தணல் சட்டியை வைத்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

மாலையில் சொன்னேன். "மாமி, தணல் சூட்டிலைதான் மெழுகு உருகியிருக்கு. திரும்ப மெழுகு ஏத்தினால் கீச்சிடாது."

"ஓமோம். பேத்திக்குத் தடிமன் வராமல் பார்த்த நான்தான் குற்றவாளி. படிச்ச பிள்ளை சொன்னால் சரியாத்தானே இருக்கும்."

"செய்து பாரும்," என்றார் கணவர். "பிழைச்சால் உம்மடை தாலிக்கொடி இருக்குத்தானே, புதுசு வாங்கலாம்."

மெழுகுதிரிகளைப் பேணியில் போட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினேன். நேரே நெருப்பில் வைத்தால் பிக்கப்பின் பிளாஸ்டிக் இளகிவிடும். பிக்கப்பை மெழுகில் இறக்கியதும் சுருளுக்குள் இருந்த காற்று குமிழி குமிழியாக வெளியே வந்தது. குமிழி நிற்கும்வரை பிடித்திருக்கவேண்டும்; முன்னரே எடுத்தால் வெளிச்சத்தம் பிறகும் உள்ளே போகும். சூடு கூடிப்போயிற்றோ, காணாதோ என்று அடுப்பைத் தணிப்பதும் கூட்டுவதுமாக இருந்தேன். அறைக்குள் மகள் அழுதாள். நான் போகவில்லை.

மறுநாள் காலை அவர் சத்தத்தை முழுதாகக் கூட்டி வாசித்தார். கீச்சு இல்லை.

"பிள்ளையைக் கொண்டு வாரும்," என்று கூப்பிட்டார். தூக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஓடினேன்.

"இதிலை, கிட்டப் பிடியும்."

நித்திரையாய் இருந்தவளின் பாதத்தைப் பிடித்துக் கிள்ளினார். அவள் வீரிட்டாள். பொக்ஸ் பேசாமல் இருந்தது.

"சோக்கு," என்றார். "இனி உவள் எவ்வளவு கத்தினாலும் இதுக்குள்ளாலை கேக்காது."

"நேற்று நான் மஞ்சள் தண்ணி தெளிச்சனான்," என்றார் மாமி.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிவந்த பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, குமிழி நிற்குமுன் பிக்கப்பை எடுத்திருக்கலாமே என்று நினைத்தேன்.