ரங்கசாமி பாஸா ஃபெயிலா

பழைய பேப்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றுவது என் வேலை என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் "கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க?" என்றுதான் கேட்பார்கள். நூலகங்களிலும் ஆவண அறைகளிலும் தூசியில் தும்மிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களையும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள்.

முன் அனுபவம்

நான் நூலக அறிவியல் படித்தவன் இல்லை. அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் பதினெட்டு வருஷம் நைட் ஷிப்டில் துணி செக்கிங் பார்த்தவன். டியூப் லைட் பலகைமேல் துணி ஓடும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் மெஷினை நிறுத்தி, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கம்பெனியை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயசு. ராத்திரித் தூக்கம் என்னைவிட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. சும்மா விழித்திருப்பானேன் என்று, பழைய புத்தகக் கடையில் வாங்கின ஒரு புத்தகத்தை வைத்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் பழைய செய்தித்தாள் தொகுதிகளை ஸ்கேன் செய்து சிடியில் பதியத் தற்காலிக ஆள் தேடினார்கள். பகலில் கரண்ட் நிற்காது என்பதால் மாலை ஆறு மணி முதல் விடியும்வரை வேலை. விண்ணப்பித்தது நான் ஒருவன்தான். நூலகர் மேடம் அதைப் படித்து, முன் அனுபவம் என்ற வரியில் விரலை வைத்தார்.

"ஓட்டை பாக்கறதுல பதினெட்டு வருஷமுங்களா? இங்க மூணு ரூம் நெறைய ஓட்டைதானுங்க. நாளைக்கே வந்து சேந்துக்குங்க."

ஒரு பதிவெண்

சேர்ந்த முதல் வாரமே ரங்கசாமி அண்ணன் வந்துவிட்டார். ஐம்பது தாண்டியவர். நாலு மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறவர். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த பேப்பர் வேண்டும் என்றார். யாருடைய ரிசல்ட் என்றேன். தன்னுடையது என்றார், பதிவெண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார்.

பரீட்சை எழுதின கையோடு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ரிசல்ட் வந்த அன்று இவருக்கு ஓவர்டைம். பேப்பர் பார்க்கப் போன சிநேகிதன் வந்து "பாஸ்" என்றான். கம்பெனியில் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, இவரும் போய் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்து ரிகார்டைக் கரையான் தின்றுவிட்டது. சிநேகிதன் பிற்பாடு மச்சானானான். போன தீபாவளிக்கு இலை முன்னால் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ அழுதுபோடுவீன்னுதான் மாப்ள பாஸுன்னு சொன்னேன்" என்று சிரித்திருக்கிறான். பிறகு "சும்மா வெளையாட்டுக்கு" என்றிருக்கிறான். எது விளையாட்டு என்று இவருக்குப் புரியவில்லை. பக்கத்தில், பத்தாவது படிக்கிற மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளைப் படி என்று சொல்ல இவருக்கு வாய் எழவில்லை. சென்னைப் பரீட்சை ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாமே என்றேன்.

"கவர் ஊட்டுக்கு வருமுங்க, என்ற புள்ளதான் மொதல்ல பிரிப்பா. நான் பாஸா ஃபெயிலான்னு எனக்கு முன்னால அவளுக்குத் தெரியலாமுங்களா?"

இருபுறமும் முத்திரை

அவருடைய வருஷம் அடுக்கின் அடியில் இருந்தது. தினமும் ஆறு மணிக்கு வருவார், எனக்கு ஒரு டீ வாங்கித் தருவார், அடுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்.

இதற்கு நடுவில் முதல் நாற்பது சிடிக்களை மேடத்திடம் ஒப்படைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒன்றைப் போட்டுப் பார்த்தால் படிக்கவில்லை. இன்னொன்றும் படிக்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான அடிப்பக்கத்தில் ஊதா மையில் நூலக முத்திரை, அதுவும் இரண்டு இடத்தில். மை அழிந்துவிடக்கூடாது என்று மேலே செலோ டேப் வேறு. நாற்பதையும் மறுபடி பதிய வேண்டும் என்று சொன்னேன். மேடம் பதறவில்லை.

"நூலகத்துக்கு வர்ற எந்தப் பொருளுக்கும் ரெண்டு பக்கமும் சீல் வெக்கோணுமுங்க. இல்லீன்னா நாளைக்கு யாராச்சும் எடுத்துப் படிச்சுப்போட்டாங்கன்னா?"

சிவப்பு அம்பு

ஒரு வெள்ளிக்கிழமை ரங்கசாமி அண்ணனின் வருஷம் கைக்கு வந்தது. ரிசல்ட் பக்கம் இருந்தது. ஆனால் மழைத்தண்ணீர் இறங்கி, அதைச் சேர்த்து நாலு தாள் ஒன்றாக ஒட்டிக் காய்ந்து அட்டையாகியிருந்தது. வெந்நீர் ஆவி காட்டி மெதுவாகத்தான் பிரிக்க முடியும். திங்கட்கிழமை வாருங்கள் என்று அவருக்குப் போன் செய்துவிட்டு, செப்பனிட வேண்டிய மற்ற தொகுதிகளுக்குச் செய்ததுபோல அதற்கும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவைத்தேன். கைப்பழக்கம்.

திங்கட்கிழமை அம்பு ஒட்டிய பதினோரு தொகுதிகளையும் காணோம். ஸ்கேன் முடிந்ததைக் கழித்துவிடலாம் என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. சனிக்கிழமை வந்த வேஸ்ட் வியாபாரிக்கு உதவியாளர் மாரியப்பன் இந்தப் பதினொன்றையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார். தென்காசிப் பக்கத்துக்காரர். இங்கே வருவதற்குமுன் பனியன் கம்பெனி குடோனில் இருந்தவர். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"செவப்பு அம்பு போட்டா செகண்ட்ஸு, கழிச்ச சரக்குண்ணே, திருப்பூர்ல எந்தப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். அம்ப ஒட்டுனதும் நீங்க, இப்ப என்னைய ஏசுததும் நீங்களா?"

ஒரு வயசு சைஸ்

ரங்கசாமி அண்ணனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து குடோன் குடோனாக அலைந்தேன். நாலாம் நாள், கட்டிங் வேஸ்ட் மலைக்குப் பின்னால் பத்துத் தொகுதிகள் கிடைத்தன. எங்களுக்கு வேண்டிய பதினோராவதை ஒரு கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் அட்டை வெட்ட வாங்கிப் போயிருந்தார். தாள்கள் ஒட்டிக் கெட்டியாக இருந்ததுதான் அவருக்குப் பிடித்துப்போனது. போய்ப் பார்த்தால், ரிசல்ட் பக்கம் மேஜைமேல் கிடந்தது. ஒரு வயசுக் குழந்தை பனியனின் முன்பக்கத்துக்கு அளவு வெட்டியிருந்தார். கழுத்து, கைக்குழி எல்லாம் கச்சிதம். நாங்கள் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினோம். மாஸ்டர் அதன்மேல் கத்தரிக்கோலை வைத்து அழுத்திக்கொண்டார்.

"சாம்பிள் ஓகே ஆன பேட்டர்னுங்க. நூல் பிசகுனாலும் சரக்கு திரும்பி வந்துரும். முப்பத்தஞ்சு வருஷம் காத்திருந்தவரு, ஷிப்மென்ட் போற வரைக்கும் பொறுக்க மாட்டாருங்களா?"

கழுத்து

கடைசியில், அதே அளவுக்குப் புது அட்டையில் நானே வெட்டிக் கொடுத்தேன். மாஸ்டர் டேப் வைத்து மூன்று தரம் அளந்து பார்த்த பிறகுதான் பழையதை விட்டார். சாயங்காலம் நூலகத்தில் கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவைத்து ஆவி காட்டினேன். மூன்றாவது தாள் உரிந்ததும் பாஸானவர்களின் பதிவெண்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவருடைய பள்ளிக்கூடத்து எண்கள் இடது தோளில் தொடங்கி, அவருடைய எண்ணுக்கு ஆறு எண் முன்னால் நின்றன. வலது தோளில், அவருக்கு நாலு எண் பின்னால் மறுபடி தொடங்கின. நடுவில் இருந்தது கழுத்து. வெட்டின துண்டை அன்றைக்கே குப்பையோடு கூட்டித் தள்ளியாயிற்று.

கழுத்து ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தவர், "அந்த எடத்துல என்ற நம்பரைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி உட முடியுமுங்களா?" என்றார். முடியும் என்றேன். பத்து நிமிஷ வேலை. இனி இந்த சிடி ஒன்றுதான் சாட்சி, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். செய்யக்கூடாத காரியம் என்று தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி எழுத்துத் தேட ஆரம்பித்தேன். அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாமுங்க. மச்சான் நம்பீருவான், புள்ளையும் நம்பீரும். அப்பறம் நான் யாரைப் போயிக் கேக்கறதுங்க?"

இரண்டு பிரதி

எட்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தது. அதை வைத்துத் தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டார், மகள் எழுதின அதே வருஷம். வாசிப்பு அறையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். "அப்பா, கொட்டாவி உட்டது போதும், அடுத்த கணக்கப் போடுங்க" என்று அவள் அதட்டுவது ஸ்கேனர் சத்தத்தை மீறி எனக்குக் கேட்கும்.

இப்போது ரிசல்ட் இன்டர்நெட்டில் வருகிறது. நூலகக் கம்ப்யூட்டரில் நானே பார்த்துச் சொன்னேன். மகள் நல்ல மார்க். அடுத்து அவருடைய எண்ணைத் தட்டினேன். நாலு பாடம் தேறியிருந்தது, கணக்கில் போய்விட்டது. எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தன் பேரையும் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. "அக்டோபர்ல கணக்க எழுதிப்போடலாம்பா" என்றாள் மகள். அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு காப்பி போடுங்க. ஒண்ணு மச்சானுக்கு, லேமினேசன் பண்ணியே குடுத்தர்றன். இனி எவனும் என்னையப் பாவம் பாத்துப் பாஸ் போட வேண்டியதில்லீங்க."

மூன்று வருஷம் கண் விழித்ததில், நான் பழுதில்லாமல் ஒரு வாசகர் கையில் எடுத்துக் கொடுத்த ஒரே ஆவணம், அவர் ஃபெயிலானதற்கான அத்தாட்சி.