அண்ணிக்கு ஓர் உள்ளறை

நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் அண்ணிக்கு உலகமே மறந்துவிடும். ஒரு சின்னப் பால் பண்ணையின் ஆய்வறையில் அவருக்கு அதுதான் வேலை. அதே அறையில் நான் குடுவை கழுவுகிறேன். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். நீல வெளிச்சத்தில், மணி கோத்தாற்போல் தயிர் பாக்டீரியாக்கள் மிதந்தன.

"இதுக்குள்ள தனி ரூமே கிடையாதுடி. உயிரோட நூல், அதான் டி.என்.ஏ., நடுவுல சும்மா சுருண்டு கிடக்கும், நம்ம வீட்டு சாமான் மாதிரி."

எங்களுக்கு ஒரே அறை. அடுப்பு, கட்டில், ரொட்டி சுடும் அண்ணனின் மாவு மூட்டை எல்லாம் அதற்குள்தான்.

"உங்க அண்ணன் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் பெரிய இடம். நூலைச் சுத்திச் சவ்வு கட்டி உள்ளறையில வெச்சிருக்கும். அதுபோக, தெம்பு உண்டாக்க ஒரு அறை, சேர்த்து வைக்க ஒரு அறை. நம்ம உடம்புல இருக்கறதும் அந்த வகைதான்."

"உடம்புக்குள்ள அத்தனை ரூம் வெச்சுக்கிட்டா, அண்ணி, இப்படி ஒண்டிக் கிடக்கோம்?"

அண்ணி கண்ணை எடுக்காமலே சிரித்தார்.

மழை பிடித்த வாரம் இனிப்புத் தயிர்க் கிண்ணங்களின் மூடிகள் உப்பின. "இது யார் வேலைன்னு தெரிஞ்சா அவங்க நாளைக்கு வர வேண்டாம்," என்றார் மேலாளர்.

அண்ணி ஒரு சொட்டெடுத்துச் சாயமிட்டார். மணிச்சரங்களுக்கிடையே முட்டை வடிவில் பெரிதாகச் சில, நிலவுகள்போல நகர்ந்தன. ஒவ்வொன்றினுள்ளும் கருத்த ஓர் உள்ளறை. அவர் முகம் வெளுத்தது.

உறை ஊற்றும் பாத்திரத்தை மூடுகிற துணியை ஆய்வறைக்காரர்தான் வீட்டில் துவைத்து வர வேண்டும். மழையென்று அதை அண்ணி வீட்டுக்குள் காயப்போட்டிருந்தார். கொடிக்கு நேர்கீழே அண்ணன் மாவு பிசைவார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அண்ணி எழுந்து மேலாளரிடம் போனார்.

"ரொட்டி ஈஸ்ட், சார். எங்க வீட்டுத் துணியில ஏறி வந்திருக்கு."

மேலாளர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "இனி எங்க காயப்போடுவே?"

"வீட்டுல இருக்கறதே ஒரு ரூம்தான், சார்."

"ஒரு இடம் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் வராதே."

அன்றே அண்ணன் ரொட்டிப் பெட்டிகளைப் பிரித்து, அறையின் குறுக்கே பலகைச் சுவர் எழுப்பினார். ஒரு சின்னக் கதவும் வைத்தார். "மாவு இந்தப் பக்கம். மகாராணி அந்தப் பக்கம்."

துணி உள்ளே காய்ந்தது. நாளை வேலைக்குப் போகலாம். பலகை இடுக்கில் விளக்கொளி கசிந்தது. அண்ணி அங்கே, பிறந்ததிலிருந்து முதன்முறையாகத் தனக்கென்று ஓர் அறையில், சுருண்டு படுத்திருந்தார்.