சந்தைக்கு மறுநாள் ஞாயிறு

ரயில் மூன்று மணி நேரம் லேட்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் ஜங்ஷன். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டுவிட்டு, எழுதியவர் டீ குடிக்கப் போய்விட்டார். மெட்ராஸிலிருந்து என் மனைவி எஸ்தர் வருகிறாள். தங்கைக்குப் பிரசவம் என்று போனவள், ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறாள். எட்டு மணிக்கு வண்டி வந்தால் ஒன்பது மணி ஆராதனைக்கு இருவருமாகப் போய்விடலாம் என்று சலவை வேட்டி சட்டையோடு நிற்கிறேன்.

நிற்கிறேனா? எங்கே நின்றேன்! பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவளுக்கென்று பிளாஸ்க்கில் கொண்டுவந்த காப்பியை நானே குடித்துத் தீர்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறையை மூன்று முறை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

தள்ளுவண்டியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த போர்ட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘உக்காருங்க சார். நீங்க நடக்கறதுனால வண்டி வேகமா வந்துருமா?’’ என்றார்.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. இது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ரேஷன் கடை க்யூவைப் பற்றி நான் புலம்பியபோது, ‘உம்மைப் போன்றவர்களால்தான் க்யூவே கலைகிறது’ என்று ஒருவர் கார்டு போட்டிருந்தார். உண்மை. மறுக்க மாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிறுகளுக்கு எங்களிடம் அப்படி ஒரு பெயர். ஞாயிற்றுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே வருவோம். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு... நாலும் எரியும்போது பண்டிகை வாசலுக்கு வந்திருக்கும். அதாவது, காத்திருப்பதற்கென்றே ஒரு மாதத்தை ஒதுக்கி வைத்திருக்கும் மதம். அதில் பிறந்து, அதிலேயே வளர்ந்து, மூன்று மணி நேரம் என்னால் முடியவில்லை!

போர்ட்டர் சொன்னாரே என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கொல்லிமலை நினைவுக்கு வந்துவிட்டது. நினைவு என்ன நினைவு... ஒரு வெட்கம். பத்து வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

அப்போது நான் மலைமேல் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. அவர்களுக்கு ஓடு போட்ட ஒரு ஜெபவீடு. போதகர் கீழே இருந்து மாதம் ஒருமுறை ஏறி வருவார். மற்ற ஞாயிறுகளில் மணியடித்து, வேதம் வாசித்து, ஜெபம் நடத்துவது என் வேலை. வண்டி வாகனம் கிடையாது. ஏறினாலும் இறங்கினாலும் கால்தான். நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள்.

எஸ்தரையும் அப்படித்தான் தூக்கிப் போனோம். வயிற்றில் ஒரு கட்டி. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை நாள் இருக்க முடியும் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். மூன்று வாரம் கழித்து அவள் கையெழுத்தில் கடிதம் வந்தது. ‘ஆபரேஷன் முடிந்தது. வருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு மத்தியானம் ஆஸ்பத்திரி ஜீப்பில் அடிவாரத்துக்கு வந்துவிடுவேன். டோலி அனுப்பவும். மற்றவை நேரில்.’

மற்றவை நேரில்!

அந்த இரண்டு வார்த்தை என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே... மற்றவை என்றால் எவை? நல்லதாக இருந்தால் எழுதியிருக்க மாட்டாளா? கெட்ட கட்டி என்று சொல்லிவிட்டார்களா? அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று நினைத்தாளா? கரும்பலகையில் கூட்டல் போட்டுக்கொண்டே இதையெல்லாம் யோசிப்பேன். பிள்ளைகள், ‘‘சார், ஏழும் அஞ்சும் பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க’’ என்பார்கள்.

ஜெபமும் செய்தேன். எப்படி? ‘ஆண்டவரே, வருகிற ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மலையடிவாரத்தில், எஸ்தரை நல்ல செய்தியோடு கொண்டுவந்து சேர்க்கவும்.’ கிழமை, நேரம், இடம், எல்லாம் தெளிவாக. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. விண்ணப்பம் என்ற பெயரில் நான் அனுப்பிக்கொண்டிருந்தது ஆர்டர்.

என் வீட்டில் ஒரு தேதி கிழிக்கும் காலண்டர் இருந்தது. எங்கள் ஊரிலேயே அது ஒன்றுதான். எனக்கு அதில் பெருமை. அந்த வாரம் மட்டும் பொறுமையில்லாமல், நாளைய தேதியை இன்று சாயங்காலமே பார்ப்பதற்காக முதல் நாளே கிழித்துவிடுவேன்.

டோலிக்கு வெள்ளையக் கவுண்டரிடம் சொல்லி வைத்தேன். என் வயதுதான் அவருக்கும். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். ஆள் கூட்டி டோலி தூக்குவதும் உண்டு. வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் தேதி சொல்லிப் பயனில்லை. மலையில் வாரத்தைச் சந்தையை வைத்துத்தான் சொல்வார்கள். பேளுக்குறிச்சிச் சந்தை சனிக்கிழமை. ஆகவே, ‘‘சந்தைக்கு மறுநாள் விடிய வந்துவிடுங்கள். நானும் கூட இறங்குகிறேன்’’ என்றேன். அவர் பாஷையிலேயே சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

சனிக்கிழமை விடிகாலை. வாசலில் பேச்சுக் குரல். கதவைத் திறந்தால் ஆறு பேர், மூங்கில், டோலி, கம்பளி.

‘‘கெளம்பலாங்களா வாத்தியாரே?’’ என்றார் வெள்ளையக் கவுண்டர்.

‘‘எங்கே கிளம்புவது? நாளைக்கல்லவா ஞாயிறு!’’

‘‘ஏனுங்க, சந்தைக்கு மறுநாளுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? சந்தை நேத்தே கூடிருச்சுங்க.’’

அன்று கார்த்திகை தீபம். வியாபாரிகள் விளக்கு வைக்க வீட்டில் இருக்க வேண்டும் என்று, அந்த வாரம் மட்டும் சந்தையை ஒரு நாள் முன்னதாக வெள்ளிக்கிழமையே கூட்டிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. மலையில் எல்லாருக்கும் அதனால் சனிக்கிழமையே ஞாயிறு ஆகிவிட்டது.

காலண்டரைக் கொண்டுவந்து காட்டினேன். ‘‘பாருங்கள், கார்த்திகை. கிழமை சனி. அச்சிலேயே இருக்கிறது.’’

‘‘கார்த்திகை இன்னிக்குத்தானுங்க, நெலாவப் பாத்தாலே தெரியும். ஞாயித்துக்கெழமைய நெலாவுல பாக்க முடியுங்களா? சந்தையிலதானுங்க பாக்கோணும்.’’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைக்கு வரச் சொன்னேன்.

‘‘நாளைக்கு வான்னா எப்பிடிங்க? ஆறு பேரும் களத்து வேலைய உட்டுப்போட்டு வந்திருக்கறோம். வந்தது வந்துட்டோம், எறங்கிப் பாக்கறோம். அம்மா இருந்தாங்கன்னா கூட்டியாரோம். இல்லீன்னா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கீழயே கெடக்கறோம்.’’

‘‘இன்றைக்குக் கார்த்திகை... வீட்டில் விளக்கு?’’

‘‘அதெல்லாம் பொம்பளைங்க வெச்சுக்குவாங்க. நீங்க வாரீங்களா?’’

வரவில்லை என்றேன். இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எதற்கு இறங்க வேண்டும்? ‘‘வெறும் டோலியைத் தூக்கிக்கொண்டு அலையுங்கள்’’ என்று வேறு சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அதோடு விட்டதா? ஒன்பது மணிக்கு ஜெபவீட்டு வாசலில் அத்தனை குடும்பமும்! தலை வாரி, துவைத்த துணி உடுத்தி, தூரத்துக் காட்டிலிருந்தெல்லாம் நடந்து வந்திருக்கிறார்கள். ‘‘மணி அடிக்கலீங்களா வாத்தியாரே?’’ என்று கேட்டாள் சாராள். கணவனை இழந்தவள், மிளகு பறிக்கப் போகிறவள்.

இன்று சனிக்கிழமை என்று மறுபடியும் ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ‘‘சரீங்க. வந்தது வந்தோம், செபம் பண்ணிட்டுப் போறோம்’’ என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டாவது மெழுகுவர்த்தியையும் ஏற்றிவிட்டார்கள். அது நாளைக்கு உரியது என்று வாசலில் நின்று கத்தினேன்.

சாராள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள். ‘‘ஆண்டவரே, எங்க எஸ்தரம்மா இன்னிக்கு மலையேறி வாராங்க. பாதை வழுக்குது. நீங்க கூடவே நடந்து வாங்க சாமி.’’

‘இன்றைக்கு இல்லை, நாளைக்கு’ என்று நான் மனதுக்குள் திருத்தினேன். ஆண்டவர் குழம்பிவிடக் கூடாதே என்ற கவலை போலும்!

அவர்கள் போன பிறகு என் நிலைமை மோசமாகிவிட்டது. இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்கிறார்களே, நான்தான் தாளைக் குறைத்துக் கிழித்துவிட்டேனோ? முதல் நாளே கிழிக்கிற பழக்கத்தில் எங்காவது தவறிவிட்டதோ? கிழித்த தாள்களைக் குப்பையில் தேடி அடுக்கினேன். சனிதான். மறுபடி அடுக்கினேன். சனிதான். சரியாக இருக்கிறேன் என்று தெரிந்தும் இருப்புக் கொள்ளவில்லை. சோறாக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை. வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன், போன ஞாயிறு பிளாட்பாரத்தில் நடந்ததைப் போலவே. இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. ரோஷம்.

பொழுது சாய்ந்து, எதிர்ச் சரிவில் ஒவ்வொரு வீடாகக் கார்த்திகை விளக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். பாதையின் வளைவிலிருந்து சத்தம் கேட்டது. டோலி தூக்குகிறவர்கள் மூச்சுக்கு மூச்சு போடும் சத்தம். சும்மா டோலிக்கு யாரும் அப்படிச் சத்தம் போட மாட்டார்கள். பாரம் இருந்தால்தான்.

ஓடினேன். செருப்புப் போட்ட நினைவில்லை.

டோலிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எஸ்தர். முகம் பாதியாக இளைத்திருந்தது. என் கண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ‘‘கெட்ட கட்டி இல்லீங்களாம். சோதிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க’’ என்றாள். ‘‘கடுதாசி போட்டப்ப ரிசல்ட் வரல. அதான் எழுதல.’’

நான் அழுதேன். ஆறு பேர் முன்னாலும் நின்று அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் பிறகுதான் வந்தது.

டாக்டரின் ஜீப் சனிக்கிழமையே அடிவாரத்துப் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டு, அவளுக்கும் ஆஸ்பத்திரியில் இருப்புக் கொள்ளாமல் ஏறி வந்துவிட்டாளாம். டோலி மறுநாள்தான் வரும் என்று தெரியும். ஆனாலும் மலையைப் பார்த்துக்கொண்டாவது உட்கார்ந்திருக்கலாம் என்று, புளியமரத்தடியில் டிரங்குப் பெட்டி மேல் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். அப்போது எதிரே காலி டோலி இறங்கி வருகிறது. கூட ஆறு பேர் வருகிறார்கள். நான் இல்லை.

‘‘அவரு வரலீங்களா?’’ என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளையக் கவுண்டர் என்ன சொன்னார் தெரியுமா? ‘‘வாத்தியாரு ஊட்டுல வெந்நீ வெச்சுட்டு இருக்காருங்கம்மா. நீங்க குளிர்ல வாரீங்கல்ல, வந்ததும் தண்ணி வாத்துக்கோணும்னு.’’

இதை எஸ்தர் என்னிடம் சொன்னது வீட்டு வாசலில். மலையேறும்போதெல்லாம் அந்த வெந்நீரையே நினைத்துக்கொண்டு வந்தாளாம். சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அடுப்பைப் பார்த்தாள். சாம்பல்கூடச் சூடில்லை. அண்டா காலி. தரையில் நான் அடுக்கி வைத்த காலண்டர் தாள்கள்.

வெள்ளையக் கவுண்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ‘‘நெலா நல்லா வந்திருச்சுங்க’’ என்றார்.

எஸ்தர் தாள்களைப் பொறுக்கி அடுப்பில் போட்டு, தீக்குச்சி கிழித்தாள்.

மறுநாள், நிஜமான ஞாயிறு. மணியடித்தேன். யார் வருவார்கள்? அவர்கள்தான் முந்தின நாளே வந்து போய்விட்டார்களே. நானும் எஸ்தரும் மட்டும். இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்கெனவே பாதி எரிந்திருந்தது. அதையே ஏற்றினோம்.

சந்தைக்காரர்கள் நாளை மாற்றியதுதான் ஜெபத்துக்குப் பதிலா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் எத்தனையோ ஜெபிக்கிறார்கள், எல்லா டோலியும் இப்படித் திரும்பி வருவதில்லை. அது என்னை இன்றுவரை அரிக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிழமையைச் சரியாகச் சொன்னவன் வீட்டில் இருந்தான். தப்பாகச் சொன்னவர்கள் அவளுக்கு எதிரே போய் நின்றார்கள். நம்பிக்கை என்பது யாரிடம் இருந்தது?

பிளாட்பாரம் பெஞ்சில் இந்த இடம் வரை யோசித்ததும் எழுந்துவிட்டேன். நடக்க அல்ல. நேராக ரயில்வே கேன்டீனுக்குப் போய், காலி பிளாஸ்க்கை அலம்பி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். போர்ட்டர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. ராத்திரிக் காற்றில் எஸ்தருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினேன். ஆவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள்.

‘‘வண்டி மூணு மணி நேரந்தானுங்க லேட்டு. வெந்நீ பத்து வருசம் லேட்டு.’’