கோலத்தின் மேல் ஓடிய பந்து

அரியலூர் கடைவீதியில் அய்யம்பெருமாளின் கடைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றியாக வேண்டும். செருப்பு மட்டுமா? கையில் இருக்கிற பக்கோடாப் பொட்டலம், வாயில் இருக்கிற வெற்றிலை எல்லாவற்றையும் வாசலிலேயே தீர்த்துவிட்டு வர வேண்டும். கோவிலில்கூட இத்தனை கெடுபிடி கிடையாது என்று ஊரார் அலுத்துக்கொண்டார்கள். அலுத்துக்கொண்டே கழற்றவும் செய்தார்கள். 1989-ல் அந்த ஊரில் கம்ப்யூட்டருக்குப் பூச்சி எடுக்கத் தெரிந்தவர் வேறு யார் இருந்தார்கள்?

பூச்சி என்பது ஊர் வைத்த பெயர். அவர் வைரஸ் என்றுதான் சொல்வார். உடையார்பாளையத்துப் பக்கம் அடுத்தவர் முந்திரிக்காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய குடும்பத்துப் பிள்ளை அவர். டைப்ரைட்டிங் படித்து, திருச்சியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்து, அவர்கள் புதிது வாங்கியபோது கழித்துப்போட்ட மெஷினைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்து கடை போட்டார். வக்கீல் நோட்டீசும் வேலைக்கு மனுவும் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பூச்சி எடுப்பது தானாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை.

அந்த வேலையை அவர் விளக்கினால் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியதையெல்லாம் சேமித்து வைக்க அப்போது இருந்தது பிளாப்பி என்கிற கறுப்புச் சதுரத் தகடு. வைரஸ் அந்தத் தகட்டின் தொடக்கத்தில் போய்க் குந்திக்கொள்ளும். அந்தத் தகட்டைப் போட்டு மெஷினைக் கிளப்பினால் மெஷினின் நினைவில் ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தத் தகட்டைச் செருகினாலும் அதிலும் தொற்றும். எடுக்க வேண்டுமென்றால் மெஷினை அணைத்து, சுத்தமான தகடு ஒன்றைப் போட்டுக் கிளப்பி, நல்ல சரக்கை மட்டும் புதுத் தகட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய தகட்டை அடியோடு அழித்துவிட வேண்டும். இதை அவர் தன் மனைவி உண்ணாமலையிடம் ஒரு நாள் அரை மணி நேரம் விளக்கினார். "அம்மை போட்ட வூட்டுக்குப் போயிட்டு நேரா அடுத்த வூட்டுக்குள்ள நொழயக் கூடாதுல்ல, அதான?" என்று கேட்டுவிட்டு அவள் சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் எங்கும் சுற்றிக்கொண்டிருந்த வைரஸ் ஒரு பந்து. மெஷினின் கடிகாரம் சரியாக அரை மணியைத் தொடும் நேரத்தில் அது தகட்டைப் படித்துக்கொண்டிருந்தால் போதும், திரையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி முளைத்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக மோதி மோதி ஓட ஆரம்பித்துவிடும். மெஷினை அணைத்தால்தான் நிற்கும். பெரிய சேதம் ஒன்றும் செய்யாது. ஆனால் அதைப் பார்த்துப் பயந்துபோன குமாஸ்தாக்கள் படக்கென்று ஸ்விட்சை அணைத்து, காலையிலிருந்து அடித்ததையெல்லாம் தொலைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு அய்யம்பெருமாளிடம் ஓடி வருவார்கள்.

முத்தாயி முதன்முதலாக வந்தது ஓர் அமாவாசை நாளில். விக்கிரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நடவு, களை என்று கூலிக்குப் போய்க் காய்ந்துபோன உடம்பு. துண்டில் சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இதுல எம்புள்ள என்னமோ பண்ணி வச்சிருக்கானாம் தம்பி. ஒங்க பொட்டியில போட்டாத்தான் தெரியுமாமே," என்றார்.

டின்னுக்குள் ஒற்றைப் பிளாப்பி. மகன் பெயர் மதுரைவீரன். திருச்சி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஹாஸ்டலிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியில் சட்டை துணியோடு இதுவும் இருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் கையால் செய்தது என்று வீட்டில் மிஞ்சியது இந்தத் தகடு ஒன்றுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒரு வருஷம் சாமி படத்தடியில் வைத்திருந்தார்.

வெளியிலிருந்து வரும் எந்தத் தகட்டையும் சோதிக்காமல் மெஷினுக்குள் விடுவதில்லை என்பது அய்யம்பெருமாளின் சத்தியம். அன்றைக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததில் சத்தியம் எங்கே போயிற்றோ, நேராகச் செருகிக் கிளப்பிவிட்டார். கிளம்பும்போது மெஷின் நேரம் கேட்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து இருபத்தொன்பது என்று தட்டினார். உள்ளே ஒரே ஒரு புரோகிராம் இருந்தது. ஓட்டினார்.

கறுப்புத் திரையில் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. புள்ளிகளைச் சுற்றி வெள்ளை இழை ஒன்று வளைந்து நெளிந்து கிளம்பியது. சிக்குக் கோலம். அதோடு கூடவே, எங்கிருந்தோ முளைத்த பந்தும் கோலத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட ஆரம்பித்தது.

அய்யம்பெருமாளுக்கு அது எதுவென்று பார்த்ததுமே தெரிந்தது. ஸ்விட்சுக்குக் கை போனது. முத்தாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பந்து போட்டுருக்கான் பாருங்க தம்பி," என்றார். "சின்னப் புள்ளயில என்னையக் கோலம் போட வுட மாட்டான். நான் குனிஞ்சு இழை இழுக்கயில பந்த உருட்டி வுட்டுட்டு ஓடுவான். அத மறக்காம போட்டுருக்கான் பாருங்க, படவா."

ஒரு வருஷமாகச் சிரிக்காத முகம் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அய்யம்பெருமாள் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து, அம்மா அது உங்கள் பிள்ளை போட்டதில்லை, எங்கிருந்தோ வந்து தொற்றிய நோய் என்று சொல்ல உங்களால் முடியுமா? அவராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் முத்தாயி வந்தார். மகனுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பார். மடியில் ஒரு கை வேர்க்கடலையோ முருங்கைக்கீரையோ இருக்கும். அன்றைக்கு அய்யம்பெருமாள் மற்ற பிளாப்பிகள் அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு காட்டினாலும் சரி, மூன்று காட்டினாலும் சரி, மெஷின் நேரம் கேட்டால் பத்து இருபத்தொன்பது என்றே தட்டுவார். பந்து தவறாமல் வரும். முத்தாயி அது போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு மெஷினை அணைத்துவிட்டால் தீர்ந்தது. ஊரெல்லாம் வைரஸை விரட்டுகிற மனிதர் மாதம் ஒரு நாள் அதைக் கூப்பிட்டு உட்கார வைத்து மரியாதை செய்தார். தகடு அந்த அம்மாளின் வீட்டில்தானே கிடக்கிறது, யாருக்கு என்ன கெடுதல் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கெடுதல் ஆறாவது அமாவாசைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

அழகேசன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கான ஆபீஸ் ஒன்றில் மேனேஜர். பந்தைப் பார்த்துப் பயந்து ஸ்விட்சை அணைத்த குமாஸ்தா அவரிடம் ஒருவர் இருந்தார். அந்த எரிச்சலோடு பிளாப்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் திரையில் அதே பந்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதுதான்யா அந்தச் சனியன். இங்கயும் வந்துடுச்சா?"

முத்தாயி பெருமையாகத் திரும்பினார். "எம்புள்ள போட்டதுங்க அது. விக்கிரமங்கலத்துலேர்ந்து பாலிடெக்னிக் போயிப் படிச்சவன்."

அழகேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓஹோ. எந்தப் படுபாவி இத அவுத்து வுட்டான்னு நானும் தேடிக்கிட்டு இருக்கேன். ஒன் மவன்தானா? எங்க அவன்?"

"அவன் இல்லீங்க. செத்துட்டான்."

"செத்துட்டா செஞ்சது இல்லன்னு ஆயிடுமா? எத்தன பேரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டான். நாளைக்கே விக்கிரமங்கலத்துல வந்து சொல்றேன், இந்த ஊரு புள்ள பண்ண லட்சணத்தப் பாருங்கன்னு."

முத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. மகனைத் திட்டுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. டின்னை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அய்யம்பெருமாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அம்மாளுக்குப் பந்து மிஞ்சும், பிள்ளையின் பெயர் போய்விடும். வாயைத் திறந்தால் பெயர் மிஞ்சும், பந்து போய்விடும். இரண்டையும் காப்பாற்ற வழி இல்லை.

"சார், அது இவங்க பையன் போட்டது இல்ல," என்றார். "உங்க ஆபீசுக்கு வந்த மாதிரிதான் அவன் தகட்டுக்கும் வந்து ஒட்டியிருக்கு. எனக்கு மொத நாளே தெரியும்." பிறகு முத்தாயியைப் பார்த்தார். "அம்மா, கோலம்தான் உங்க புள்ள போட்டது. பந்து எவனோ முகம் தெரியாதவன் போட்டது. நீங்க சிரிச்சீங்க, அதான் சொல்லாம வுட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

முத்தாயி திரைப் பக்கம் திரும்பினார். திரையில் அந்தப் புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப அத எடுத்துடுங்க," என்றார் கடைசியில். "எம்புள்ள மேல எவன் அழுக்கும் வேணாம்."

"எடுத்தாத்தான் நம்புவேன்," என்று அழகேசனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எத்தனையோ பிளாப்பிகளுக்குப் பூச்சி எடுத்தவர் இதைத் தொடத் தயங்கினார். ஒரு வருஷம் டின்னில் கிடந்து, மாதா மாதம் பஸ்ஸில் குலுங்கி வந்த பழைய தகடு அது. மாற்றும்போது ஓரிடத்தில் படிக்க முடியாமல் போனாலும் கோலமும் போய்விடும். மெஷினை அணைத்தார். சுத்தமான தகட்டைப் போட்டுக் கிளப்பினார். முத்தாயியின் தகட்டைப் பக்கத்துத் துளையில் செருகி, மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். மெஷின் கர்ரென்று இழுத்தது. நின்றது. மறுபடியும் இழுத்தது. உண்ணாமலைக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மாதிரி நின்றார் மனிதர். ஒரு வழியாக, ஒரு கோப்பு மாற்றப்பட்டது என்று திரையில் எழுத்து வந்தது. அப்போதுதான் மூச்சு விட்டார்.

அழகேசனுக்காகப் புரோகிராமைத் திறந்து வரி வரியாகத் திரையில் ஓடவிட்டார். "பையன் எழுதினது மொத்தமும் இவ்வளவுதான் சார். இது புள்ளி வைக்கிறது. இது இழை இழுக்கிறது. பந்துக்கு இதுல ஒரு வரி இருந்தா காட்டுங்க."

அழகேசனுக்கு அதில் ஓரெழுத்தும் புரியவில்லை. ஆனால் அய்யம்பெருமாளை நம்பினார். "தெரியாம வாய வுட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்கம்மா," என்று முத்தாயியிடம் சொல்லிவிட்டு, பிளாப்பிகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அய்யம்பெருமாளுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கோலத்தின் ஒரு மூலையைப் போடச் சில வரிகளை எழுதி, அதையே திருப்பித் திருப்பி ஓடவிட்டு மற்ற மூலைகளையும் வரைய வைத்திருந்தான் பையன். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் மூன்று மூலையோடு நிறுத்திவிட்டான். நாலாவதற்கு மட்டும் புதிதாக ஒரு கட்டு வரிகள் எழுதியிருந்தான். இது எதற்கு வெட்டி வேலை என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார்.

புள்ளிகள் விழுந்தன. இழை கிளம்பி வளைந்து, பின்னி, மூலைக்கு மூலை திரும்பி, தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. திரையில் வேறு எதுவும் ஓடவில்லை.

முத்தாயி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இந்தப் பொட்டியில இன்னைக்குத்தான் கோலத்தப் பாக்குறேன் தம்பி. இதுவரைக்கும் பந்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." கண்களைச் சுருக்கினார். "அந்த மூலையில தப்பா இருக்கே."

"எது?"

"கீழ, சோத்துக்கைப் பக்கம். அந்த இழை உள்ள மடங்கணும். வெளிய போயிச் சுத்திக்கிட்டு வருது பாருங்க. அது நான் பண்ற தப்பு. வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அந்த மூலைக்கு வந்தா கை இப்புடித்தான் போவும். எவ்வளவோ பாத்துட்டேன், திருந்தவே இல்ல. அவன் எப்புடி அதயே போட்டான்?"

அய்யம்பெருமாளுக்கு அந்த நாலாவது கட்டு வரிகள் இப்போது புரிந்தன. திரையில் அந்த மூலையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அம்மா, இது தெரியாம வந்த தப்பு இல்ல. மூணு மூலையையும் ஒரே கட்டளையில சுலபமா போட்டுருக்கான். நாலாவதயும் அதுலயே போட்டுருந்தா கோலம் சரியா வந்துருக்கும். ஆனா உங்க கோலமா வந்துருக்காது. அதான் இந்த ஒரு மூலைக்கு மட்டும் உக்காந்து தனியா எழுதியிருக்கான்."

பந்து போனபோது அழாத முத்தாயி அப்போது அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். அய்யம்பெருமாள் மெஷினை அணைக்கவில்லை.

"அத்தன வருசமா வாசல்ல போட்டேன் தம்பி," என்றார் முத்தாயி. "எல்லாரும் மிதிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. எம்புள்ள பாத்துருக்கான்."