ஊர்வலத்துக்கு எதுக்கு பிரேக்கு?

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆவணி அது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். மேகம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் பெய்யாமலே திரும்புகிற ஊர். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

என்னிடம் ஒரு பழைய சிவப்புக் கார் இருக்கிறது. இருபது வயது தாண்டிவிட்டது. வந்த புதிதில் வேகத்துக்குப் பேர்போன வண்டி. துபாயிலிருந்து திரும்பிய வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர், வீட்டில் பெரிய வண்டி கேட்கிறார்கள் என்று எனக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான். ஸ்பிரிங்கை மாற்றினேன். சைலன்சரை மாற்றினேன். அடியில் படுத்து, முகத்தில் சொட்டிய எண்ணெயைத் துடைத்துத் துடைத்து, அந்த இரும்பு எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்டார்ட் செய்தால் கரிசல் காட்டுக்கு அப்பால் இடி விழுந்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு ஆடுகள் மழை என்று நம்பித் தலையைத் தூக்கும்.

அந்த வாரம், முன்சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் குழாய்கள் இரண்டும் வெடித்துக் கசிவதைப் பார்த்தேன். பெடலை மிதித்தால் வண்டி நிற்கும். ஆனால் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் வெடிப்பு வழியாகக் கொஞ்சம் எண்ணெய் வெளியே போகும். எண்ணெய் தீர்ந்தால் பெடல் தரையோடு தரையாகப் படுத்துவிடும். இனி ரப்பரே வேண்டாம், மேலே கம்பி பின்னிய நல்ல குழாயாகவே போடலாம் என்று அருப்புக்கோட்டைக் கடையில் சொல்லிவைத்தேன்.

அதே வாரம் என் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மனைவியின் தம்பி கொட்டகைக்கு வந்து நின்றான்.

"மச்சான், மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம செவப்பு வண்டிதான். பூவுக்கெல்லாம் சொல்லியாச்சு."

"பிரேக்கு இல்லடா."

"ஊர்வலத்துக்கு எதுக்கு மச்சான் பிரேக்கு? நடக்குற வேகந்தான. மேளக்காரரே வண்டிய முந்திருவாரு."

அவனையும் கீழே குனியவைத்து, டார்ச் அடித்து, கசிவைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தான். "சரி, இப்ப மிதிச்சா நிக்குதா, நிக்கலையா?"

"நிக்கும். ஆனா..."

"பெறகென்ன. நீங்க இத வண்டியாவா வச்சிருக்கீக? சாமி செலையாட்டம்ல வச்சிருக்கீக."

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு ஓர் அட்டையில் 'பிரேக் இல்லை, எடுக்காதே' என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்கில் கட்டினேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மத்தியானம், குழாய் வந்துவிட்டது என்று கடையிலிருந்து போன். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடலாம், பேச்சும் தீரும் என்று உடனே பஸ் ஏறினேன். இதை யாரும் இன்றுவரை நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

திரும்பி வரும்போது பஸ் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றுவிட்டது. முன்னால் ஊர்வலம். மேளம், வெடி, தூசி. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால், மல்லிகைச் சரமும் ஜிகினாவும் ஒட்டிக்கொண்டு என் வண்டியின் முதுகு தெரிகிறது.

இறங்கி ஓடினேன். தார் ரோட்டில் ஈரப் பொட்டுகள். எண்ணெய். நாலு எட்டுக்கு ஒரு நிறுத்தம், ஆட்டம், மறுபடி நாலு எட்டு. ஊர்வலம் முழுக்கப் பிரேக்கை மிதிப்பதுதானே வேலை! நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தால்கூட மச்சினன் இத்தனை தடவை மிதித்திருக்க மாட்டான். கரை முடிந்து ஊருக்குள் இறங்குகிற சரிவில் வண்டி மூக்கைக் கவிழ்த்திருந்தது. அதற்கு முன்னால், கையெட்டும் தூரத்தில், தாம்பாளம் ஏந்திய சின்னப் பிள்ளைகள். புதுப் பாவாடை மண்ணில் படாமல் தூக்கிப் பிடிக்கிற கவனம் அவர்களுக்கு. பின்னால் இரும்பு வருவதை யார் பார்க்க?

மச்சினன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வெளிறிக் கிடந்தது. கால் மட்டும் பெடலைக் குத்திக்கொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக்குக்கு எண்ணெய் வேண்டாம், அது கம்பியில் இழுபடுவது. ஆனால் அது இருந்த இடத்தில் மாலைகளும் வெற்றிலைத் தட்டும் குவிந்திருந்தன. ஜன்னலுக்குள் பாதி உடம்பை விட்டு, பூவையும் பழத்தையும் வாரித் தள்ளி, அடியில் கைவிட்டு இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. கடைசிப் பிள்ளையின் பின்னலை பம்பர் தொட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது.

மேளம் நின்றது. சுற்றி நின்றவர்கள் கண்ணுக்கு நான் பஸ்ஸிலிருந்து குதித்து வந்து நல்ல காரியத்தை நிறுத்தியவன்.

"பூவத் தட்டிவிட்டுட்டாரே" என்றது ஒரு குரல். பெண்ணின் அப்பா, என் மனைவியின் அண்ணன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஒரு நாளைக்கு வண்டி குடுக்க மனசில்லைன்னா வீட்டோட இருந்திருக்கலாம்ல? எம்பொண்ணு கல்யாணந்தானா கெடச்சுச்சு ஒங்களுக்கு?"

நான் மச்சினனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். 'பிரேக் பிடிக்கலை' என்று அவன் சொன்னால் தீர்ந்தது. பெடலிலிருந்து காலைக்கூட எடுக்காமல், "மச்சான் பதறிட்டாக" என்றான்.

வண்டிக்குள் கீழே கிடந்த வெற்றிலைத் தட்டுக்கு அடியில் என் அட்டை இருந்தது. தட்டு ஆடாமல் இருக்க அட்டையைக் கவிழ்த்து அடியில் வைத்திருக்கிறான். எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். "இத இப்பத்தான் எழுதிக் கொண்டுவாரீகளா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். என் மனைவி முன்னால் வந்து, "இவுக சரின்னு சொன்னதாச் சொல்லித்தான் எங்கிட்ட சாவி வாங்கிட்டுப் போனான்" என்றாள். அண்ணன் வீட்டு விசேஷத்தில் புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அவளுக்கும் ஏச்சு கிடைத்தது.

மாப்பிள்ளை மீதித் தூரம் நடந்தே போனார். நான் சாவியை எடுத்துக்கொண்டு, ரோட்டோரம் சீமைக்கருவேல நிழலில் வண்டியோடு தனியாக நின்றேன். பஸ் என்னைத் தாண்டிப் போனது.

கல்யாண வீடியோவில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. ஒரு நடுத்தர வயது ஆள், கையில் பையோடு ஓடிவந்து காருக்குள் தலையை விட்டுப் பூவைச் சிதறடிக்கிறார். எண்ணெய்ப் பொட்டு வீடியோவில் தெரியாது. எங்கே கூடினாலும் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மச்சினன் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்துபோவான்.

அதற்குப் பிறகு வண்டிக்கு இன்னொரு சாமான் போட்டேன். பந்தயக் கார்களில் வருகிற, கழற்றி மாட்டும் ஸ்டியரிங். வேகத்துக்காக இல்லை, சொந்தக்காரர்களுக்காக. டவுனுக்குப் போனால் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். "என்ன, பஸ்ஸை நீங்களே ஓட்டப் போறீகளா?" என்று கண்டக்டர் கேட்பார்.

அன்று தாம்பாளம் ஏந்திய பிள்ளைகளில் ஒருத்தி இப்போது அதே பஸ்ஸில் டவுனுக்குப் படிக்கப் போகிறாள். என் மடியில் இருக்கிற ஸ்டியரிங்கைப் பார்த்துத் தோழியின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சிரிக்க இருக்கிறாளே, அது போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லத்தான் எனக்கும் ஆசை, ஆனால் கண்மாய்க் கரைச் சரிவில் பஸ் இறங்கும்போதெல்லாம் என் கால் தானாகவே இல்லாத ஒரு பெடலை மிதிக்கிறது, போதவில்லை.