பேஸ் பெட்டி இரைச்சலும் அவள் காதும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாடுகிறவருக்குச் சால்வை, கீபோர்டுக்காரருக்குக் கைதட்டல், டிரம்ஸ் வாசிக்கிறவனைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள். என்னிடம் வந்து, "நாலு கம்பிதான் இருக்கு, மிச்சம் ரெண்டும் அறுந்துபோச்சா தம்பி?" என்று விசாரித்தவர்கள் உண்டு. அதுவும் ஒரு தடவையா, ஊருக்கு ஊர் ஒருத்தர் இருப்பார். நானோ முன்கோபக்காரன். அதனாலேயே மேடை ஏறியதும் என் பெட்டியில் உள்ள அத்தனை குமிழையும் கடைசிவரை திருகி வைத்துவிடுவேன். நான் ஒருத்தன் இங்கே நிற்கிறேன் என்று தெரிய வேண்டாமா?

பெட்டி என்று நான் சொல்வது பேஸ் கிட்டாருக்கான காம்போ ஆம்ப்ளிஃபையரை. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கீழே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர், மேல் மூலையில் கீச்சுச் சத்தத்துக்கென்று உள்ளங்கை அளவில் ஒரு ட்வீட்டர். சுவிட்சைப் போட்டால் போதும், வாசிக்காதபோதும் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். எனக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவன். காலண்டர் சீசனில் பக்கத்து ஆள் கத்தினால்கூட வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். கச்சேரி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் பொங்கல், கல்யாண முகூர்த்தம் என்று கிடைத்த நாளில்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவள் தாயில்பட்டிப் பக்கம். பத்தாம் வகுப்பை முடித்த கையோடு பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போனவள். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் வேலை பார்த்த ஷெட்டில் விபத்து. அவள் தப்பித்துவிட்டாள், கூட இருந்தவர்களில் ஒருத்தி தப்பவில்லை. அதோடு வேலையை விட்டுவிட்டாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதப் பத்தி மட்டும் அவகிட்டக் கேக்காதீக" என்றார். நானும் கேட்கவில்லை.

ஆமத்தூரில் எங்கள் வீடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட ஆறு வீடுகளில் ஒன்று. கல்யாணமான இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். புது மனைவிக்கு முன்னால் கொஞ்சம் பவிசு காட்டலாம் என்று பெட்டியை ஆன் செய்தேன். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினால் அடுப்படியில் ஆளைக் காணோம். தோசை கருகிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். கையில் தோசைக் கரண்டியோடு தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறாள். அவள் மட்டும் இல்லை. ஆறு வீட்டுப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்திக்கு வாயெல்லாம் பல்பொடி, இன்னொருத்திக்குப் பாதி வாரிய தலையில் சீப்பு, இடுப்பில் அம்மணமாக ஒரு கைக்குழந்தை. ஒரு கூச்சல் இல்லை, ஒரு கேள்வி இல்லை. அவள் ஓடியதைப் பார்த்து எல்லோரும் ஓடியிருக்கிறார்கள்.

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

"சிரிக்கீகளோ? நல்லாச் சிரிங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்தான். "பட்டாசு மருந்து பத்திக்கிட்டா மொத உங்க பெட்டி மாதிரி 'ஸ்ஸ்ஸ்'னுதான் சத்தம் வரும். அதக் கேட்டவ ஓடணும். அவ ஓடுனா மத்தவுகளும் ஓடணும். என்னடி ஏதுடின்னு கேட்டுக்கிட்டு நின்னா அள்ளுறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது, தெரியுமா?"

உள்ளே போய்ப் பெட்டியை ஆஃப் செய்தேன். என் மனைவி என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்து கருகிய தோசையைச் சுரண்டத் தொடங்கினாள்.

அதன்பிறகு நான் கிட்டாரை எடுத்தாலே அவள் செருப்பைத் தேடுவாள். "நீக வாசிங்க, நான் வெளிய நிக்கேன்" என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவாள். சித்திரை வெயிலில் நின்றாள். ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அதைப் பார்த்து எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! என் மேல் வர வேண்டியது அவள் மேல் வந்தது.

"எத்தனை மாசமாச்சு? பழகிக்க வேண்டியதுதான புள்ள!" என்று கத்தினேன்.

"பழகக் கூடாதுங்க" என்றாள். "பழகிருச்சுன்னா ஓட மாட்டேன்ல."

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த இரைச்சலை ஒழித்துவிட வேண்டும் என்று. ஒழிக்க முடியாவிட்டால் பெட்டியையே ஒழித்துவிட வேண்டும். கட்டிக்கொண்டு வந்தவளைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு எனக்கென்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது?

முதலில் எர்த் சரியில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி இறங்கும் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். இரைச்சலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகலும் இருந்தது, அது நின்றது. 'ஸ்ஸ்ஸ்' அப்படியே இருந்தது. இரண்டும் வேறு வேறு வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிட்டாருக்குப் புது வயர் வாங்கி மாட்டினேன். ஊஹூம். பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுபோய், ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி முன்னால் வைத்தேன்.

"இரையாத ஆம்ப்ளிஃபையர் எங்கன இருக்கு தம்பி? வாசிக்க ஆரம்பிச்சா அமுங்கிரும்" என்றார்.

"வாசிக்காதப்பத்தான் அண்ணாச்சி எனக்குப் பிரச்சினையே."

"வாசிக்காதப்ப ஆஃப் பண்ணி வைங்க."

அந்தப் பெட்டியை அவர் தலையில் போடாமல் திரும்பி வந்ததே பெரிய காரியம்.

சாத்தூரில் ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எனக்காக விக்கீகளா?"

"பின்ன யாருக்காக?"

"வித்துப்புட்டு வருசம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீக. அத யாரு பாக்குறது? இருங்க. எங்கன இருந்து வருதுன்னு பாப்போம்" என்று எழுந்து வாசற்படியில் போய் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நிலைக்கதவை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "ம், போடுங்க" என்றாள்.

போட்டேன். அவள் முகம் மாறியது, கால் மாறவில்லை. கிட்டார் வயரை உருவினேன்.

"அப்படியேதான் இருக்கு."

அப்படியானால் கிட்டாரில் இல்லை, வயரில் இல்லை. பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. இது அண்ணாச்சிக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு குமிழாகத் திருகினேன். பேஸ் குமிழைக் குறைத்தால், "அதுல இல்ல" என்றாள். ட்ரெபிள் குமிழைக் குறைத்தபோது, "இந்தா, பாதி போச்சு" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"கீழ இருக்கிற பெருசுல இருந்து வரல. மேல மூலையில ஒரு சின்னது இருக்கு பாருங்க, அதுதான் சீறுது."

பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி ட்வீட்டருக்குப் போகிற வயரைப் பிடுங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன். வெளியே இருந்த காலை அவள் உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

அந்தச் சின்ன ஸ்பீக்கர் எனக்குத் தேவையே இல்லை. கம்பியைச் சுண்டி வாசிக்கிறவர்களுக்கு அதனால் பலன் இருக்கலாம். நான் விரலால் தடவி வாசிக்கிறவன், நான் வாசிக்கிறதெல்லாம் அடிச்சத்தம். அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருந்தது. கிட்டாரிலேயே உள்ள வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு, பெட்டியில் கெயின் குமிழை முழுக்கத் திருகி வைப்பது என் வழக்கம். என் வாசிப்பைச் சின்னதாக அனுப்பிவிட்டு, பெட்டி அதைப் பெருக்கும்போது தன் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும்படி இத்தனை வருஷமும் நானே செய்து வைத்திருக்கிறேன். கிட்டாரில் முழுசாக ஏற்றி, பெட்டியில் இறக்கினேன். நான் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று திருகிய திருகல்தான் அவளை வெயிலிலும் மழையிலும் நிற்க வைத்திருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

சாத்தூர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி விருதுநகர் போனேன். எது எதைத் திருகினால் எவ்வளவு குறைகிறது, எது மிச்சம் இருக்கிறது என்று அவள் சொன்னதை எல்லாம் அண்ணாச்சியிடம் ஒப்பித்தேன். இந்தத் தடவை அவர் விளையாட்டாகப் பேசவில்லை. உள்ளே, வருகிற சத்தத்தை முதலில் பெருக்கும் இடத்தில் இருந்த பழைய ஐசி சிப்பை எடுத்துவிட்டு இரைச்சல் குறைவான ஒன்றை வைத்தார்.

"யாரு தம்பி இம்புட்டுத் துல்லியமாச் சொன்னது?"

"வீட்டுல."

"நம்ம கடைக்கு வேலைக்கு அனுப்புதீகளா?"

பஸ்ஸில் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வரும்போது அவர் கேட்டதை நினைத்துச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அந்தக் காதுதான் அவளை அந்த ஷெட்டிலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவந்தது. அது இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணம் ஏது, வீடு ஏது? அதைப் பார்த்துத்தானே நான் சிரித்தேன். பஸ் என்றும் பார்க்காமல் அந்தக் காதைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அன்றைக்கு முதல் அவள் அறைக்குள் உட்கார்ந்துதான் நான் வாசிப்பதைக் கேட்டாள். பூக் கட்டுவாள், கீரை ஆய்வாள், சில பாட்டுக்குத் தலையாட்டுவாள். குழுவில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்: "நம்ம பெட்டியில ஒரு பொட்டு இரைச்சல் கிடையாது, வந்து கேட்டுப் பாருங்கலே!" வந்து கேட்டவர்களும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள்.

அப்படியே ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஒரு பாட்டை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கரண்டு போனது. மின்விசிறி நின்றது, பெட்டியில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்டு போனால் யாரும் எரிச்சல்படத்தான் செய்வார்கள். அவளோ கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, "அப்பாடா" என்று நீளமாக மூச்சு விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"பெட்டி இரையுறது உனக்கு இன்னும் கேக்குதா?"

அவள் பூவை எடுத்து நாரில் வைத்து முடிச்சுப் போட்டாள். "லேசாத்தான்."

"அம்புட்டு நாளும் கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தியா?"

"என்ன இப்போ?"

"என்ன இப்போவா? ஏன் புள்ள சொல்லல? வெளிய போயிருக்கலாம்ல!"

"ஓடத்தான் தோணும். இங்கன நீக இருக்கீகல்ல, விட்டுட்டு எங்கன ஓட?" என்றாள் அவள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாசிக்கும்போது கேக்கிறது இல்ல. ஒரு பாட்ட முடிச்சுட்டு அடுத்ததுக்கு யோசிக்கீக பாருங்க, அப்பத்தான் கேக்குது."

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. அவள் தோள் மறுபடி இறுகுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். உடனே வாசிக்கத் தொடங்கினேன். ஒரு பாட்டு முடிந்ததும் அதே தாளத்தில் அடுத்ததைப் பிடித்தேன், அது முடியும் முன்பே அதற்கடுத்தது. அவள் பூக்கட்டி முடிக்கும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.