அலுமாரிக்குள் ஒரு படை

துவக்கு எண்ணெய் மணத்தால் இன்றும் நெஞ்சு துள்ளுகிறது. எண்பதுகளின் நடுப்பகுதி, டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரம். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த டேனிஷ் நண்பன், ஓய்வு நேரத்தில் நாட்டுக் காவலுக்குப் பயிற்சி எடுக்கும் தொண்டர் படையிலும் இருந்தான். அவன் சீருடையும் துவக்கும் வீட்டு அலுமாரியில், கலியாணக் கோட்டுக்குப் பக்கத்தில்!

ஒரு ஞாயிறு அங்கே கோப்பி குடிக்கையில், உடனே பாலத்தடிக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லி அவனுக்குத் தொலைபேசி அழைப்பு. அன்றுதான் அவன் முதன்முறையாகக் குழுவை நடத்தப் போகிறவன். பிந்தினால் மானம் போய்விடும். அவன் கார் கிளம்பவில்லை. என் காரில் ஏற்றினேன்.

“ஆமிக்காரனைத் துவக்கோடை ஏத்துறியோ? உனக்கென்ன விசரே?” கூட வந்திருந்த என் அறைத்தோழன் கத்தினான்.

இலங்கை ஆமிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவன், ஆமிக்காரனோடு பறந்தேன்!

பாலத்தடியில் அவன் குழு ஆட்களான ஊர்த் தபால்காரனும் பேக்கரிக்காரனும் சீருடையில் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். பிந்தவில்லை. நண்பன் குதித்திறங்கிச் சிரித்தான்.

“நீயும் வாவன், ஆள் காணாது!”

“முதல் உங்கடை அரசாங்கத்தை எனக்குப் பாஸ்போட் தரச்சொல்லு, பிறகு வாறன்!” என்றேன்.